தமிழ்நாட்டு அரசுச் சின்னங்கள்

தமிழ்நாட்டு அரசின் முத்திரை, பாடல், மரம், விலங்கு, பறவை, மலர் முதலிய அடையாளங்கள். இவற்றுள் மூத்தது கோபுர முத்திரை. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தார். அவர் ஆட்சியில்தான் கோபுரம் தேர்வாயிற்று. வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதே பொதுக்கருத்து. மதுரை மேலைக் கோபுரம் என்போரும் உண்டு. கோபுரத்தின் முன் அசோகரின் சிங்கத்தலை, இருபுறமும் தேசியக் கொடி, கீழே ‘வாய்மையே வெல்லும்’. மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரமா என்ற கேள்வி எழுந்தும், தமிழர் கட்டடக்கலையின் அடையாளமாக அது நிலைத்தது.

சென்னை மாநிலம் தன் பழம்பெயரை மீட்டுத் தமிழ்நாடு ஆக 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாநில மரம் பனை. விழுப்புரம் வட்டாரத்தில் ஏரிக்கரைதோறும் நிற்பது அதுவே. அங்குள்ள திருவாமாத்தூர் பெற்ற மூவர் தேவாரமும் பனையோலையில்தான் பிழைத்து வந்தது. வேறெந்தச் சின்னத்துக்கும் இல்லாத பெருமை இது. விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா, மலர் செங்காந்தள். மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது.