குளியல் தொட்டி நீர்ச்சுழல் சோதனை

குளியல் தொட்டி நீர்ச்சுழல் சோதனை என்பது, தொட்டியின் அடியிலுள்ள துளை வழியே வடியும் நீர் எத்திசையில் சுழல்கிறது என்பதைக் கொண்டு புவியின் தற்சுழற்சியைக் காண முயலும் இயற்பியல் சோதனை ஆகும். வடியும் நீர் வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகவும் (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை) தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியாகவும் சுழலும் என்ற கருத்து உலகெங்கும் பரவியுள்ளது. இது கொள்கை அளவில் சரியானது; ஆனால் வீட்டில் கைகழுவும் தொட்டிக்குப் பொருந்தாது. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி என்பதை 1962, 1965 ஆகிய ஆண்டுகளில் வெளியான இரு சோதனைகள் தெளிவாக்கின.

பின்னணி

பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்பார் குஸ்தாவ் கொரியாலிஸ், நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் பொறிகளில் செயல்படும் விசைகளை ஆராய்ந்து 1835-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சுழலும் தளத்தில் நகரும் பொருள் பக்கவாட்டில் விலகுவதுபோல் தோன்றுவதை இன்று கொரியாலிஸ் விளைவு என்கிறோம். 1851-இல் லெயோன் ஃபூக்கோ பாரிசில் நீண்ட ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டுப் புவியின் சுழற்சியை மக்கள் கண்முன் காட்டினார். நீரைக் கொண்டும் இதைக் காட்டலாம் என்று ஆஸ்திரிய இயற்பியலாளர் ஆட்டோ டும்லிர்ஸ் 1908-இல் எழுதினார்.

வட அரைக்கோளத்தில் நகரும் பொருள்கள் தம் வலப்புறமாக விலகுகின்றன. எனவே எல்லாப் பக்கங்களிலிருந்தும் துளையை நோக்கி வரும் நீர் இடஞ்சுழியாகச் சுழல வேண்டும். தென் அரைக்கோளத்தில் விலகல் இடப்புறமாக இருப்பதால் சுழற்சியும் மாறும்.

இவ்விளைவு மிக மிகச் சிறியது என்பதே சிக்கல். நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் நீரின்மீது இதன் அளவு, ஈர்ப்பு விசையில் ஏறத்தாழ 3 கோடியில் ஒரு பங்குதான். குழாயிலிருந்து நீர் விழுந்த கோணம், தொட்டியின் வடிவம், அடைப்பானைப் பிடுங்கிய கை ஆகிய ஒவ்வொன்றும் நீரில் இதைவிடப் பெரிய சுழற்சியை உண்டாக்கிவிடும்.

சாப்பிரோவின் சோதனை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனப் பேராசிரியர் ஆஷர் சாப்பிரோ இத்தடைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். 6 அடி விட்டமும் 6 அங்குல ஆழமும் கொண்ட வட்டத் தொட்டியின் நடுவில் முக்கால் அங்குலத்தில் பாதி அளவே உள்ள துளையை அமைத்தார். துளையுடன் இணைத்த நீண்ட குழாயின் மறுமுனையில் அடைப்பான் இருந்ததால், அதைத் திறக்கும்போது தொட்டி நீர் கலங்கவில்லை. காற்று படாமலிருக்க நெகிழித் தாளால் தொட்டி மூடப்பட்டது.

எதிர்பார்த்த விடைக்கு நேர்மாறாக, வலஞ்சுழியாகச் சுழலும்படி நீரை நிரப்பியது அவரது முக்கியமான முன்னெச்சரிக்கை. ஓரிரு மணி நேரத்திலேயே வடியவிட்டால், நிரப்பிய திசையிலேயே நீர் சுழன்றது. ஏறத்தாழ 24 மணி நேரம் அசையாமல் விட்டபோது முடிவு மாறியது. சிறு மரச்சிம்புகளாலான மிதவை முதல் 12 முதல் 15 நிமிடங்கள் வரை சுழலவே இல்லை. பிறகு மெல்ல இடஞ்சுழியாகத் திரும்பியது. தொட்டி முற்றிலும் வடிய 20 நிமிடங்கள் ஆயின. முடியும் தறுவாயில் 3 அல்லது 4 நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தை அது எட்டியது. இது புவியின் சுழற்சியைவிட 20,000 மடங்குக்கும் மேல். நடனமாடுபவர் விரித்த கைகளை உள்ளிழுத்தால் வேகமாகச் சுழல்வதுபோல, நீரும் மையத்தை நெருங்கும்போது வேகம் பெறுகிறது. சாப்பிரோ இம்முடிவை 1962-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

சிட்னியில் மறுசோதனை

ஓர் அரைக்கோளத்தில் கிடைத்த விடை மட்டும் போதாது. தொட்டியிலோ அறையிலோ உள்ள ஏதேனும் குறையும் நீரை ஒரே திசையில் திருப்பியிருக்கலாம். ஆகவே லாயிட் டிரெஃபெதன் உள்ளிட்ட ஐவர் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இச்சோதனையை நடத்தி, 1965-இல் அதே இதழில் முடிவை வெளியிட்டனர். 18 மணி நேரமோ அதற்கு மேலோ நீரை அமைதியாக விட்ட பிற்காலச் சோதனைகள் ஐந்திலும் நீர் வலஞ்சுழியாகவே சுழன்றது.

2015-இல் அமெரிக்காவின் டெஸ்டின் சான்ட்லின், சிட்னியிலிருந்து டெரெக் முல்லர் ஆகியோர் சிறுவர் நீச்சல் தொட்டிகளில் இதைச் செய்து, ஒரே நேரத்தில் பார்க்கத்தக்க இரு காணொளிகளாக வெளியிட்டனர்.

தவறான விளக்கங்கள்

கென்யா போன்ற நாடுகளில் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சில அடிகள் நடந்து, நீர் எதிரெதிர்த் திசைகளில் சுழல்வதைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதுண்டு. நிலநடுக்கோட்டில் கிடைத்தள விலகல் சுழியம். அதனருகிலும் அது புறக்கணிக்கத்தக்கதே. அங்கே திசையை முடிவு செய்வது நீரை ஊற்றும் முறைதான்.

புயல்களின் நிலை வேறு. அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் பல நாட்கள் நீடிப்பதால், அச்சிறு விலகல் அவற்றில் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது.

வீட்டில் செய்து பார்க்க

அடியில் துளையுள்ள வாளியில் நீர் நிரப்பி, கையால் வலஞ்சுழியாக ஒருமுறை கலக்கிவிட்டு வடியவிடலாம். அடுத்த முறை இடஞ்சுழியாகக் கலக்கலாம். ஒவ்வொரு முறையும் நீர் கலக்கிய திசையிலேயே சுழலும். சில நிமிடங்கள் காத்திருந்து வடியவிட்டாலும் அச்சுழற்சி முழுவதும் மறைவதில்லை. நீர் அசைவற்றதாகத் தோன்றுவது வேறு, உண்மையில் அசைவற்றிருப்பது வேறு என்பதை மாணவர்கள் இதன்மூலம் அறியலாம். சாப்பிரோ ஒரு நாள் முழுவதும் காத்திருந்தது அந்த வேறுபாட்டுக்காகவே.