மூன்றில் ஒரு பங்கு



"உங்களுக்கென்ன சேர், ஒன்றரை மணிக்கு வீட்டில, வருஷத்துக்கு மூன்று தவணை லீவு." அரநாயக்கவில் ஒரு கலியாண வீட்டில் போன கிழமையும் இதைக் கேட்டேன். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை ஆசிரியர் சேவை உருவானது 1994 ஒக்டோபர் 6 இல். உலகம் 5 ஆம் திகதி ஆசிரியர் தினம் கொண்டாட, நாம் 6 இல் கொண்டாடுகிறோம். மூன்று வருடம் போனது. 1997 இல் பீ.சீ. பெரேரா சம்பள ஆணைக்குழு வந்தது. வேறு அரச சேவைகள் மேலே ஏற, ஆசிரியர்களும் அதிபர்களும் கீழே நின்றுவிட்டார்கள். அதற்கு நாம் வைத்த பெயர் சம்பள முரண்பாடு. பற்றாக்குறை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பக்கத்தில் நின்றவன் ஏறிப்போக நீ மட்டும் நில் என்றார்களே, அதுதான் நோவு.

எங்களுக்கும் கீழே ஒரு படி இருந்தது. 2014, 2015 காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 இளைஞர்களை ஆசிரிய உதவியாளர்களாக எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000. வகுப்பில் முழு ஆசிரியர், சம்பளப் பட்டியலில் உதவியாளர். அவர்களுடைய கதை தனியாக எழுத வேண்டியது.

2021 க்கு வருவோம். கொரோனாக் காலம். சொந்தப் போனில், சொந்தக் காசுக்கு டேட்டா போட்டுப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஜூலை 8 இல் கொத்தலாவல பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்கு அருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் கைதுசெய்து, பிணை கிடைத்த பின்னும் தனிமைப்படுத்தலுக்கு என்று முல்லைத்தீவுக்கு ஏற்றிப்போனார்கள். ஜூலை 12 இல் ஒன்லைன் வகுப்புகளை நிறுத்தினோம். 24 வருடக் கணக்கும் சேர்ந்துகொண்டது.

நானும் நிறுத்தினேன். நியாயம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் மூன்றாம் நாள் தரம் 11 பிள்ளை ஒன்று கோல் எடுத்தது. சிக்னலுக்காக வழக்கம்போல மலை மேலே ஏறி வந்திருந்தது. "சேர், இன்றைக்கும் வகுப்பு இல்லையா?"

"இல்லை மகள்."

அன்று அசர் தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆசிரியரின் மன அழுத்தம் பற்றிக் கல்வியியற் கல்லூரியில் குறிப்பெழுதிப் பரீட்சையும் எழுதியவன் நான். பாட எண்ணிக்கை, வகுப்பு நெரிசல், அதிபரோடு இழுபறி எல்லாம் அதில் இருந்தது. நம் உரிமையைக் கேட்பதற்குப் பிள்ளையின் பாடத்தை நிறுத்த வேண்டி வருவது மட்டும் அதில் இல்லை.

நூறு நாளுக்கு மேல் போய், ஒக்டோபர் 25 இல் பாடசாலை திரும்பினோம். சுபோதினி குழு அறிக்கை சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து கிடைத்தது. அதே வருடம் செப்டம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐத் தொட்டது. கூடின காசை எண்ணி முடிக்குமுன் சந்தை எடுத்துக்கொண்டது. மிச்ச இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26 இல் கொழும்பில் கூடியவர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடித்தார்கள்.

அந்தப் பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதம்தான் நடந்தது. எரிபொருள் வரிசைக் காலம். சித்தியடைந்தாள், அல்ஹம்துலில்லாஹ். கணிதத்தில் மட்டும் எதிர்பார்த்தது வரவில்லை. அவளுடைய கணித ஆசிரியர் நான்தான்.