நிலவு மண் சுமந்த பை



தபால்தலை, பழைய நாணயம் சேர்ப்பவர்கள் நம்மிடையேயும் இருப்பீர்கள். விண்வெளிக்குப் போய்வந்த பொருட்களைச் சேர்ப்பவர்களும் உலகில் உண்டு. விண்கலத்தின் சுவிட்ச், வீரர்கள் புரட்டிய கையேடு என எதற்கும் ஏலத்தில் ஆள் இருக்கிறது. ஆனால், விண்ணுக்குப் போன சுவிட்சும் உதிரியாகக் கிடங்கிலேயே கிடந்த சுவிட்சும் பார்வைக்கு ஒன்றுதான். கூடவே வரும் ஆவணம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரு வெள்ளைத் துணிப்பையின் கதையைக் கேளுங்கள், புரியும்.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 பயணத்தில் நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங், சற்று நேரத்திலேயே கொஞ்சம் மண்ணை அள்ளி வைத்துக்கொண்டார். திடீரென்று கிளம்ப நேர்ந்தால் வெறுங்கையோடு திரும்பக் கூடாது அல்லவா? அந்த மண் பூமிக்கு வந்தது இந்தப் பையில்தான். மண்ணைப் பத்திரப்படுத்தினார்கள், பை கவனத்திலிருந்து நழுவியது.

2003-ல் அது கான்சாஸ் மாநிலத்தில், ஒரு விண்வெளி அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநருடைய கார் கொட்டகையில் கிடைத்தது. அருங்காட்சியகப் பொருட்களைத் திருடி விற்றதாக 2005-ல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பறிமுதலான பொருட்களின் பட்டியலில் எண்கள் குழம்பிவிட, இது எந்தப் பை என்றே தெரியாமல் அரசு ஏலத்துக்கு விட்டது. 2014-ல் யாரும் கேட்கவில்லை. 2015-ல் இல்லினாய்ஸைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் 995 டாலருக்கு எடுத்தார்.

சோதித்துத் தரும்படி அவர் பையை நாசாவுக்கு அனுப்பினார். துணியில் நிலவுத் தூசி இருந்தது. பாக எண்ணும் அப்பல்லோ 11 உடன் பொருந்தியது. உடனே நாசா, "இது மக்கள் சொத்து, தர முடியாது" என்றது. அவர் நீதிமன்றம் போனார். ஏலத்தில் முறைப்படி வாங்கியவருக்கே பை சொந்தம் என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2017 ஜூலை 20 அன்று, நிலவில் இறங்கிய 48-வது ஆண்டு நாளில், நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் பை சுமார் 18 லட்சம் டாலருக்குப் போனது. சோதனைக்காக எடுத்த துளித் தூசியும் 2022-ல் 5 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது.

பை அதேதான். 995 டாலரை 18 லட்சமாக்கியது, அது எங்கே போய்வந்தது என்பதற்குக் கிடைத்த சான்று.

நம் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் வானொலி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி இருக்கலாம். யாருடையது, எந்த ஆண்டு, எப்படி வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி, அதனுடனேயே வைத்துவிடுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். லட்சங்கள் வராவிட்டாலும், பேரப்பிள்ளைகள் அதைப் பழைய சாமான்காரரிடம் போடமாட்டார்கள்.