துரோகி என்னும் ஒரு சொல்: ‘பொன்னியின் செல்வ’னில் மாறும் பற்றுகள்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் திருக்கோயிலின் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 987 அளவில் பொறிக்கப்பெற்றது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரின் நிலங்களும், அவர்தம் உறவினர் நிலங்களும் பறிமுதலான செய்தியை அது கூறுகின்றது. கொலை செய்தோரைச் சுட்ட அக்கல்வெட்டு ஆளும் சொல் ‘துரோகிகள்’ என்பது. ஏன் கொன்றனர் என்பதற்கு அங்கே ஓர் எழுத்தும் இல்லை. நிலத்தை விற்க வேண்டும் என்பதே அரசாணையின் கவலை. கொலையின் காரணம் அதற்குத் தேவைப்படவில்லை.

கல்வெட்டு விட்ட இந்த இடைவெளியிலேதான் கல்கி தம் பெருங்கதையை எழுப்பினார். ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மணியம் அவர்களின் ஓவியங்களோடு ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதையாக வெளிவந்தது. ஐந்து பாகங்கள், முந்நூற்றை நெருங்கும் அத்தியாயங்கள். தொடர் முற்றுப்பெற்ற அவ்வாண்டின் டிசம்பரிலேயே கல்கி மறைந்தார். இதனை வீரதீரக் கதை என்றும், பொழுதுபோக்குப் புனைவு என்றும் சொல்லி ஒதுக்கும் பழக்கம் நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் நெடுங்காலம் இருந்தது. வால்நட்சத்திரம், ஆந்தைக் குரல், சுரங்கவழி, மந்திரவாதி, மூடுபல்லக்கு என வியப்புப் பொருள்கள் மலிந்த கதைதான். ஆயினும் அவ்வியப்புகளுக்கு அடியில் யாருடைய பற்று யாரிடம், அது எதனால் நிற்கிறது, எதனால் பெயர்கிறது என்னும் வினா இடையறாது ஓடுகின்றது. அந்த வினாவை ஒட்டியே இக்கட்டுரை செல்கிறது.

வியப்பும் அரசியலும் கல்கியிடத்துப் பிரிந்து நிற்பதில்லை. கடம்பூர் மாளிகையில் தேவராளன் வெறியாடி, தொன்மையான அரசகுலத்து இரத்தத்தைப் பலியாகக் கேட்கும் காட்சியை நினைவுகூரலாம். பார்ப்போர் அதனைத் தெய்வ வாக்கென்று கேட்கின்றனர். ஆடுகின்றவனோ பழிவாங்கச் சூளுரைத்த கூட்டத்தைச் சேர்ந்த பரமேசுவரன். உடையார்குடிக் கல்வெட்டின் பெயர் அப்படியே கதைக்குள் வந்து சாமியாடுகிறது. இரவிதாசன் நந்தினியின் மாளிகைக்குள் நுழைவதற்கு மந்திரவாதி வேடமே கடவுச்சீட்டு. கல்கியின் உலகில் மந்திரம் பலிப்பதில்லை. மந்திரத்தின்மீதுள்ள நம்பிக்கைதான் பலிக்கிறது.

இனி, பற்று மாறுவோரைப் பார்ப்போம். நாம் அனைவரும் நேசிக்கும் வந்தியத்தேவனையே முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. ஆட்சியிழந்த வாணர் குலத்து இளைஞன். ஆதித்த கரிகாலரின் ஆள். இரண்டு ஓலைகளைச் சுமந்து கதைக்குள் வருகிறான். ஒன்று தஞ்சையிலுள்ள சக்கரவர்த்திக்கு, மற்றொன்று பழையாறையிலுள்ள இளையபிராட்டிக்கு. இரண்டாம் ஓலையைக் கொடுத்த கணத்திலேயே அவன் குந்தவையின் ஆளாகிவிடுகிறான். அவள் ஏவலால் ஈழம் சென்று அருள்மொழியைக் கண்டபின் அவனுக்கும் ஆளாகிறான். தான் முதலில் வணங்கிய தலைவனைக் காக்கக் கடைசியில் கடம்பூருக்குத் திரும்பும்போது, அவனைக் காக்க இயலவில்லை. கொலைப் பழியும் தன்மேலேயே விழுகிறது. மூன்று பேரிடம் பற்று வைத்தவன் மூவருக்கும் உண்மையாக இருக்க முயல்வதே அவன் கதை. அவனை எவரும் துரோகி என்பதில்லை. மூவரும் ஒரே குடும்பம் என்பதனால் மட்டும்தானா அந்தச் சலுகை என்று கேட்கத் தோன்றுகிறது.

கந்தமாறன் இதற்கு நேரெதிர். அவன் வந்தியத்தேவனின் உயிர்த்தோழன். முதுகில் குத்துண்டு விழுந்தவனைத் தோளில் சுமந்து காத்த நண்பனையே, குத்தியவன் என்று நம்புகிறான். அவனிடம் பற்று மாறியதற்குக் காரணம் பேராசையன்று, பகையுமன்று. தன் விருந்தினர்மேல் ஐயம் வந்தால் தன் குலப் பெருமை குலையும் என்னும் அச்சம். தன் மாளிகையில் நள்ளிரவில் நடந்த சதியாலோசனையைத் தோழன் கண்டுவிட்டான் என்பதுதான் அவனால் தாங்க முடியாதது. தன் பக்கத்துக் குற்றத்தை அறிந்தவனை மனிதன் எவ்வளவு விரைவாக வெறுக்கத் தொடங்குகிறான் என்பதைக் கல்கி உரையாமல் காட்டியிருக்கிறார். பார்த்திபேந்திர பல்லவன் நந்தினியைக் கண்டு மயங்கித் தன் தோழனை விட்டு நழுவுவது அவ்வளவு நுட்பமானதன்று; அழகில் விழுந்த வீரன் என்னும் பழைய வாய்பாடு அது.

ஆனால் பெரிய பழுவேட்டரையரை அப்படிச் சொல்லிவிட முடியாது. அறுபத்து நான்கு விழுப்புண்களைச் சோழர்க்காக ஏற்றவர். தனாதிகாரி. கண்டராதித்தர் மகனுக்கே அரசுரிமை என்று அவர் வாதிடுவதில் நியாயமும் உண்டு. காஞ்சி இளவரசன் பெரியோரை மதியாமைபற்றிய புண்ணும் உண்டு. முதுமையில் மணந்த மனைவியின் சொல்லுக்கு அடிமையான வெட்கமும் உண்டு. மூன்றையும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. கொள்ளிட வெள்ளத்தில் அடியுண்டு திருப்புறம்பயம் பள்ளிப்படையருகே கிடக்கும் இரவில், இரவிதாசன் கூட்டத்தின் பேச்சைக் கேட்ட பிறகே, தாம் நியாயம் என்று எண்ணியது பிறர் கைக்கருவியாயிற்று என அவர் உணர்கிறார். அந்த அத்தியாயங்களை வகுப்பில் படிக்கக் கேட்கும்போது மாணவர்கள் அமைதியாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பற்று மாறியமைக்காக அவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் தண்டனை மரணம். வரலாற்றுப் பழுவேட்டரையர்களோ இராசராசன், இராசேந்திரன் காலத்தும் பழுவூரில் செல்வாக்கோடு விளங்கினர் என்பதும், இராசராசனின் தேவியருள் ஒருத்தியான பஞ்சவன்மாதேவி பழுவூர்க் குடிமகள் என்பதும் கல்வெட்டுகளால் அறியப்படுகின்றன. சதிகாரர் என்னும் பழி அக்குடிக்குக் கதை சூட்டியது, கல் சூட்டியதன்று.

இவ்வாறு பற்று மாறுவோரெல்லாம் கதையில் மனம் உள்ளவர்களாகவே இருக்கின்றனர். கடைசிவரை சற்றும் மாறாதவர் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. வீரபாண்டியனின் ஆபத்துதவிகள்தாம் அவர்கள். இறந்த அரசனுக்கு இட்ட சூளுரையைக் காக்க ஊணும் உறக்கமும் துறந்து காட்டிலும் பள்ளிப்படையிலும் திரிகின்றனர். செஞ்சோற்றுக்கடன் என்று நாம் கன்னனைக் கொண்டாடும் பண்பு முழுமையாக வாய்த்தவர்கள் இக்கதையில் கொலைகாரர்களே. கல்வெட்டு துரோகிகள் என்றோரைக் கல்கி விசுவாசிகளாக்கினார். அவர்தம் விசுவாசம் வேறோர் அரசனுக்கு என்றார். ‘பஞ்சவன்’ என்பது பாண்டியர்க்குரிய பெயராதலால் இந்தக் கற்பனைக்குக் கல்வெட்டே வாயில் திறந்துவிட்டது.

ஆனால் அதே கல்வெட்டில் தம்பியின் பட்டம் இருமுடிச்சோழ பிரமாதிராசன். பிரமாதிராசன் என்பது அரசர் தம் உயர் அலுவலர்க்கு வழங்கிய பட்டம். ஒரு வீட்டு உடன்பிறந்தாருள் ஒருவன் பெயரில் பாண்டியனும், ஒருவன் பெயரில் சோழனும் நிற்கின்றனர். இவர்கள் காட்டில் மறைந்து திரிந்தவர்களல்லர். நிலமும் பட்டமும் உடையவர்கள். அரண்மனைக்கு உள்ளிருந்து வந்த கொலையாக இது இருந்திருக்கலாம் என்னும் ஐயம் இதனாலேயே எழுகிறது. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். கொலை நிகழ்ந்து ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள், உத்தமன் ஆட்சி முழுவதும் உட்பட, இந்நிலங்கள்மேல் ஆணை பிறந்ததாகச் சான்றில்லை என்பது ஐயத்திற்கு வலுவூட்டும். அருள்மொழி அரசை விரும்பாது சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்வதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது விருப்பமா, வேறு வழியின்மையா? செப்பேட்டை எழுதுவித்தவன் அருள்மொழியின் மகன்.

கல்கி இந்த இடத்தில் செய்ததை நான் ஒப்ப மாட்டேன். சோழர் குடும்பத்தைக் கறையின்றிக் காக்க அவர் மதுராந்தகனை இருவராக்கினார். அரசாசை கொண்ட மதுராந்தகன் பாண்டியத் தொடர்புடையவன், மாற்றி வளர்க்கப்பட்ட குழந்தை. பூத்தொடுத்துச் சிவனை வழிபடும் சேந்தன் அமுதனே உண்மை இளவரசன், அவனே உத்தம சோழன். வாசகன் மகிழும் திருப்பம்தான். ஆனால் அதுவரை மனத்தில் தேடிய காரணத்தை அது பிறப்பில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. ஆசை கொண்டவன் அயலான், ஆசையற்றவன் நம்மவன். மனிதர் ஏன் மாறுகின்றனர் என்று நான்கு பாகங்கள் விரித்துக் கேட்ட நூல், இந்த ஓரிடத்தில் இரத்தத்தைக் காட்டி விடைசொல்லி நகர்ந்துவிடுகிறது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் இரு பாகமாக எடுத்த திரைப்படம் இந்த ஆள்மாறாட்டத்தைக் கைவிட்டு, ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே முடியை அளித்தது. கதையைச் சுருக்கும் நோக்கில் செய்தது ஆகலாம். ஆயினும் அருள்மொழியின் துறவு அதில்தான் கனக்கிறது. ஆசையற்றவனுக்கு விட்டுக்கொடுப்பதைவிட ஆசைப்பட்டவனுக்கு விட்டுக்கொடுப்பது அரிதல்லவா?

நந்தினியைப் பொறுத்தும் கல்கி தயங்கியதாகவே தோன்றுகிறது. வீரபாண்டியனோடு அவளுக்குள்ள உறவை நெடுநாள் மறைக்கிறார். அவள் பிறப்பை மறைக்கிறார். கடம்பூர் இருட்டறையில் வாள் யார் கையது என்பதையும் மறைக்கிறார். கொலைப் பழியை ஏற்க ஒருவருக்கு மேற்பட்டோர் முன்வருகின்றனர், உண்மை அவிழ்வதில்லை. இதனைக் குறையாகச் சொல்வோர் உண்டு. உடையார்குடிக் கல்லைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கல் பெயர்களைச் சொல்லிக் காரணத்தை விட்டது. கல்கி காரணங்களையெல்லாம் சொல்லிக் கையை விட்டார். நந்தினி கொலைசெய்யும் தறுவாயிலும் தளர்கிறாள். வாளை எடுத்தவள் அழுகிறாள். ஆபத்துதவிகள் அவளை ஐயுறுவது அதனால்தான். சூளுரைக்கும் உள்ளத்திற்கும் இடையே கிழிந்த ஒரே பாத்திரம் அவளே. மாறாதவர் கூட்டத்தில் மாறத் துடித்தவள். அவளுக்குக் கதையில் ஒரு வீடு இல்லாமற் போனது அதனாலே போலும்.

பாலக்கோட்டில் இருந்துகொண்டு சோழநாட்டுக் கதையைப் பேசுவானேன் என்று நம் வட்டத்து அன்பர் சிலர் கேட்கக்கூடும். பற்று மாறுவதன் வரலாறு நம் தகடூர் நாட்டுக்குப் புதிதன்று. பல்லவர், கங்கர், நுளம்பர், இராட்டிரகூடர், சோழர் எனக் கொடிகள் மாறிய எல்லைநிலம் இது. இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையோடு எண்ணும் கங்கபாடியும் நுளம்பபாடியும் தடிகைபாடியும் நமக்கு அண்டை. இம்மாவட்டத்து வயல்வரப்புகளில் நிற்கும் நடுகற்கள் இன்ன அரசனுக்கு இன்ன ஆண்டு என்று தொடங்கி, ஆநிரை மீட்டு வீழ்ந்த ஒருவன் பெயரோடு முடிகின்றன. மேலே உள்ள அரசன் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. கீழே விழுந்தவன் தன் ஊர் மாட்டுக்காகவே விழுந்தான்.

இன்னும் முற்பட்ட சான்று ஒன்று கவிஞர்களாகிய உங்களுக்கு நெருக்கமானது. தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில் கிழார். அதற்குப் பரிசிலாக அரசன் ஒன்பது நூறாயிரம் காணமும் தன் அரசு கட்டிலும் கொடுத்தான் என்று அப்பத்தின் பதிகம் கூறும். புலவர் கட்டிலை வேண்டாது திருப்பிக் கொடுத்து அமைச்சுரிமை ஏற்றார். வென்றவனின் அமைச்சர். ஆனால் அதே தகடூர்ப் போரில் வீழ்ந்த அதியர் தலைவன் எழினிக்கு இரங்கிய பாட்டொன்று புறநானூற்றில் 230 ஆம் பாட்டாக இருக்கிறது. பாடியவர் பெயர் அரிசில் கிழார். தாயை இழந்த குழவி போல் சுற்றத்தார் கலங்க, அவனை உண்ட கூற்றுவனை நோக்கி, விதைநெல்லைத் தின்ற அறிவிலி என்கிறார். போரைப் பற்றி விரிவாகப் பேசிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர் மேற்கோள்களிலும் புறத்திரட்டிலும் சில பாடல்களே எஞ்சின. அது கிடைத்திருந்தால் சேரன் பாசறையிலிருந்து அவர் அந்த இரங்கலைப் பாடினாரா, அதியன் ஊரின் சாம்பலில் நின்று பாடினாரா என்பது தெளிந்திருக்கலாம்.

சேரன் அவரைத் துரோகி என்றதாக எந்தப் பதிகமும் கூறவில்லை.