ஷாப்பிங் கார்ட் மென்பொருள் தேர்வு

இணையக் கடையில் வாங்குபவர் எடுத்துவைக்கும் பொருள்களை நினைவில் வைத்திருந்து, விலை, வரி, கூரியர் செலவு ஆகியவற்றைக் கூட்டி, பணம் பெற்று, ஆர்டராகப் பதிவு செய்யும் நிரலே ஷாப்பிங் கார்ட் மென்பொருள். இன்று இச்சொல், சரக்குக் கணக்கு, வாடிக்கையாளர் பதிவு, தள்ளுபடிக் கூப்பன், பில், திருப்பி அனுப்புதல் என ஒரு கடையின் பின்கட்டு வேலைகள் முழுவதையும் உள்ளடக்கிய தொகுப்பைக் குறிக்கிறது.

கடை தொடங்குபவர் பெரும்பாலும் வடிவமைப்பையும் மாதக் கட்டணத்தையும் பார்த்தே இதைத் தேர்ந்தெடுக்கிறார். கடையின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு கேள்விகள்: மென்பொருளின் பராமரிப்புப் பொறுப்பு யாருடையது? வேண்டாம் என்று தோன்றும் நாளில் தரவுகளுடன் வெளியேற முடியுமா? இவற்றுக்கு விடை தெரிந்தபின் மற்ற வசதிகளை ஒப்பிடுவதே சரியான வரிசை.

வரலாறு

1994 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவின் நெட்மார்க்கெட் தளம் ஸ்டிங் என்ற பாடகரின் இசைத்தட்டு ஒன்றை விற்றது. கிரெடிட் கார்டு எண்ணை மறையாக்கம் செய்து இணையத்தில் நடந்த முதல் சில்லறை விற்பனையாக இது பரவலாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொன்டுல்லி, பிரவுசரில் சிறு தகவலை இட்டுவைக்கும் குக்கியை உருவாக்கினார். எம்சிஐ என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் இணைய வணிகத் திட்டத்தில், முடிவடையாத கொள்முதல்களின் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க விரும்பாததே அதற்குத் தூண்டுதல். குக்கி பிறந்ததே வணிகக் கூடைக்காகத்தான்.

1995இல் பால் கிரகாமும் ராபர்ட் மோரிஸும் தொடங்கிய வயாவெப், கடைக்காரர் தம் கணினியில் எதையும் நிறுவாமல் பிரவுசர் வழியாகவே கடையைக் கட்டவும் நடத்தவும் வழிசெய்தது. 1998இல் அதை வாங்கிய யாகூ, யாகூ ஸ்டோர் என்று பெயர் மாற்றியது. இன்றைய சந்தாச் சேவைகளின் முன்னோடி அதுவே. 2000இல் ஜெர்மனியில் ஹரால்ட் போன்சே டி லியோன் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் கொண்டு எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். 2003இல் அதிலிருந்து ஸென் கார்ட் கிளைத்தது.

ஷாப்பிஃபை ஒரு கடைக்காரரின் தேவையிலிருந்து வந்தது. கனடாவின் ஒட்டாவாவில் பனிச்சறுக்குப் பலகை விற்க 2004இல் ஸ்னோடெவில் என்ற இணையக் கடையைத் தொடங்கிய டோபியாஸ் லுட்கே, கிடைத்த மென்பொருள்களில் திருப்தியில்லாமல் தாமே ஒன்றை எழுதினார். 2006இல் அது மற்றவர்களுக்கான சேவையாக வெளிவந்தது. மெஜென்டோவின் முதல் நிலைப் பதிப்பு 2008 மார்ச்சில் வந்தது. 2018இல் அடோபி அதை 168 கோடி டாலருக்கு வாங்கியது. வேர்ட்பிரஸ் தளங்களில் இணையும் வூகாமர்ஸ், ஜிகோஷாப் என்ற செருகுநிரலிலிருந்து கிளைத்து 2011 செப்டம்பரில் வெளியானது. 2015இல் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

செயற்படும் முறை

இணையத்தின் அடிப்படை நெறியான எச்டிடிபி, ஒரு பக்கத்தைக் கொடுத்தவுடன் கேட்டவரை மறந்துவிடும். ஆகவே பிரவுசரில் ஓர் அடையாள எண்ணைக் குக்கியாக இட்டு, அந்த எண்ணுக்கு உரிய பொருள்களைச் சர்வரில் வைத்துக்கொள்வது பொதுவான முறை. வாடிக்கையாளர் செக் அவுட் பகுதிக்கு வந்ததும் முகவரி, கூரியர், வரி, பணம் என்ற வரிசையில் கணக்கு நகர்கிறது.

இந்த ஓட்டத்தில் இரண்டு இடங்கள் மென்பொருளின் தரத்தைக் காட்டும். முதலாவது, சரக்கு எப்போது குறைகிறது என்பது. கூடையில் போட்டவுடனே குறைத்தால், வாங்காமல் போகிறவர்களுக்காகப் பொருள் முடங்கிக் கிடக்கும். பணம் வந்தபின்தான் குறைப்பதென்றால், கடைசியாக இருக்கும் ஒரு புடவைக்கு இருவர் பணம் கட்டிவிடலாம். செக் அவுட் தொடங்கியபின் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மட்டும் பொருளை ஒதுக்கிவைக்கும் வசதி இதற்கு நல்ல தீர்வு.

இரண்டாவது, பணம் வந்த செய்தி எப்படிச் சேர்கிறது என்பது. யூபிஐ செயலியில் பணத்தை அனுப்பிய வாடிக்கையாளர், கடைப் பக்கத்துக்குத் திரும்பாமலே பிரவுசரை மூடிவிடுவது அன்றாடம் நடப்பது. வாடிக்கையாளர் திரும்பி வந்தால்தான் ஆர்டர் பதிவாகும் என்றால், பணம் போயிருக்கும், ஆர்டர் இருக்காது. பணத்தைப் பெற்றுத் தரும் பேமென்ட் கேட்வே தன் சர்வரிலிருந்து கடையின் சர்வருக்கு நேராகச் செய்தி அனுப்பும் வெப்ஹுக் முறையை மென்பொருள் ஏற்கிறதா, ஒரே செய்தி இருமுறை வந்தால் இரண்டு ஆர்டராக்காமல் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வகைகள்

சந்தா வகையில் சர்வர், பாதுகாப்பு, புதுப்பித்தல் ஆகியவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. ஷாப்பிஃபை, பிக்காமர்ஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஜோஹோ காமர்ஸ் ஆகியவை இதில் அடங்கும். தொழில்நுட்ப ஆள் இல்லாத கடைக்கு இது ஏற்றது. நிறுவனம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் எதையும் மாற்ற முடியாது. கட்டணம் உயர்ந்தாலும் விதிகள் மாறினாலும் ஏற்க வேண்டும், அல்லது வெளியேற வேண்டும்.

திறந்த மூல வகையில் நிரல் கடைக்காரரின் கையில் இருக்கிறது. வூகாமர்ஸ், மெஜென்டோ ஓப்பன் சோர்ஸ், பிரெஸ்டாஷாப், ஓப்பன்கார்ட் ஆகியவை பரவலாகப் புழங்குபவை. உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் ஹோஸ்டிங், காப்பு நகல், பாதுகாப்புத் திருத்தம், செருகுநிரல்களுக்கான ஆண்டுச் சந்தா, அவ்வப்போது நிரலரின் கூலி எல்லாம் கடைக்காரருடையவை. மெஜென்டோ பல கிடங்குகளும் பல்லாயிரம் பொருள்களும் உள்ள நிறுவனங்களுக்கானது. சிறு கடைக்கு அதன் பராமரிப்பே பெரும் சுமையாகும்.

மூன்றாவது வகை, கடையின் முகப்பையும் கணக்குப் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து ஏபிஐ என்னும் நிரல் இடைமுகம் வழியே இணைப்பது. நிரந்தர நிரலர் குழு உள்ள நிறுவனத்துக்கே இது பொருந்தும்.

பத்துப் பதினைந்து பொருள்களை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து விற்பவருக்கு இம்மூன்றுமே தேவைப்படாமல் இருக்கலாம். பேமென்ட் கேட்வே தரும் பேமென்ட் லிங்க் ஒன்றே போதுமானது. ஆர்டர்களைக் கையால் எழுதிச் சமாளிக்க முடியாத நிலை வரும்போது கார்ட் மென்பொருளுக்கு மாறுவது சிக்கனமான வழி.

தேர்வுக்கான அளவைகள்

பொருளின் தன்மை: ஒரே சட்டை நான்கு அளவிலும் ஆறு நிறத்திலும் வந்தால் 24 தனிச் சரக்குக் கணக்குகள் தேவை. மீட்டர் கணக்கில் துணி, கிலோ கணக்கில் முறுக்கு, அன்றைய விலைக்கு நகை, பதிவிறக்கம் செய்யும் மின்னூல் என ஒவ்வொன்றும் மென்பொருளிடம் வேறொன்றைக் கேட்கிறது. விற்கப்போகும் பொருள்களில் மிகச் சிக்கலானதை முதலில் ஏற்றிப் பார்ப்பதே சோதனை.

வரி: இந்தியாவில் 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி நடைமுறையில் உள்ளது. மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரியும் மாநில வரியும் பிரிந்து விழ வேண்டும்; வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி என்னும் ஒருங்கிணைந்த வரி. தைத்த ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் வரி. மதிப்பு 2,700 ரூபாயாக உள்ள ஆடைக்குக் கூப்பனில் 300 ரூபாய் குறைந்தால் வரி விகிதமே மாறிவிடும். பொருளுக்கு ஒரே விகிதம் என்று பூட்டிவைக்கும் மென்பொருள் இங்கே தவறான பில் போடும். அமெரிக்க வழக்கப்படி வரியைக் கடைசியில் கூட்டும் அமைப்புகள் பல உண்டு. வரி உள்ளடங்கிய விலையைக் காட்டும் அமைப்பு இந்தியாவுக்கு அவசியம்.

பணம்: யூபிஐ, கார்டு, நெட்பேங்கிங், கேஷ் ஆன் டெலிவரி ஆகியவை இந்திய வாங்குபவர் எதிர்பார்ப்பவை. 2020 ஜனவரி முதல் யூபிஐ, ரூபே டெபிட் கார்டு பரிவர்த்தனைகளுக்கு எம்டிஆர் என்னும் வணிகர் கட்டணம் நீக்கப்பட்டது. கேட்வே நிறுவனங்கள் தம் சேவைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதுண்டு. சில சந்தாச் சேவைகள், வெளியார் கேட்வேயைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு விற்பனையிலும் கூடுதல் சதவீதம் எடுக்கின்றன. லாபம் குறைந்த மளிகை வணிகத்தில் இந்தச் சிறு சதவீதமே மாதச் சந்தாவை மிஞ்சிவிடலாம். கேஷ் ஆன் டெலிவரியைக் குறிப்பிட்ட பின்கோடுகளுக்கும் தொகைக்கும் மட்டும் அனுமதிக்கும் வசதி இருந்தால், வாங்காமல் திரும்பி வரும் பார்சல்களின் நட்டத்தைக் குறைக்கலாம்.

மொழி: தமிழில் கடை நடத்துவோர் கவனிக்க வேண்டியவை தனி. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் ஆகும். இணைய முகவரியாக மாற்றும்போது 9 எழுத்துகளாக நீள்கிறது. வேர்ட்பிரஸில் முகவரித் துண்டுக்கு 200 எழுத்து எல்லை இருப்பதால், வூகாமர்ஸ் கடையில் நீண்ட தமிழ்ப் பொருட்பெயர்களின் முகவரி பாதியில் வெட்டுப்படும். பிடிஎஃப் பில் உருவாக்கும் நிரல்கள் சிலவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டுமே. அதே தகவலுக்கு இருமடங்குச் செலவாகலாம். இவற்றையெல்லாம் உண்மையான தமிழ்ப் பெயர்களை இட்டுச் சோதித்தால்தான் தெரியும்.

செலவு: முதல் மாதச் செலவை ஒப்பிடுவது ஏமாற்றும். சந்தா, விற்பனைப் பங்கு, கேட்வே கட்டணம், செருகுநிரல், வடிவமைப்பு, பராமரிப்பு ஆகியவற்றை மூன்று ஆண்டுகளுக்குக் கூட்டி, எதிர்பார்க்கும் ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஆர்டருக்கான செலவு வரும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பாதுகாப்பு

பராமரிப்புப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதற்கு மெஜென்டோவின் வரலாறே சான்று. அதன் முதல் தலைமுறைப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜூன் 30 அன்று முடிந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிப்பு வந்திருந்தும் ஏராளமான கடைகள் மாறவில்லை. இரண்டாம் தலைமுறைக்குப் போவதென்றால் வடிவமைப்பையும் செருகுநிரல்களையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. சிறு கடைகளால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு வார இறுதிக்குள் சுமார் 2,000 மெஜென்டோ கடைகள் ஊடுருவப்பட்டு, செக் அவுட் பக்கத்தில் கார்டு எண்களைத் திருடும் நிரல் புகுத்தப்பட்டது. தாக்குதலுக்கு ஆளானவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்ட முதல் தலைமுறைப் பதிப்பில் ஓடியவை.

மேஜ்கார்ட் என்று அழைக்கப்படும் இவ்வகைத் திருட்டு சிறு கடைகளோடு நிற்கவில்லை. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளம் இதற்கு இலக்கானது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியேறின. 2020 அக்டோபரில் பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. சந்தாச் சேவையும் முழுக் காப்பு அல்ல. 2019இல் வொலூஷன் என்ற சேவையின் பொதுக் கோப்பு ஒன்று மாற்றப்பட்டபோது, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான கடைகள் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன.

சிறு கடைக்குச் சிறந்த வழி, கார்டு எண் தன் சர்வரைத் தொடவே தொடாமல் பார்த்துக்கொள்வது. கேட்வேயின் சொந்தப் பக்கத்திலோ அதன் சட்டகத்திலோ பணம் கட்டவைத்தால், பிசிஐ டிஎஸ்எஸ் என்னும் கார்டு பாதுகாப்புத் தரத்தின் கீழ் கடைக்காரரின் கடமைகள் பெருமளவு குறையும். இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல், கார்டை வழங்கிய வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி நடைமுறையில் இருக்கிறது. கடைகள் கார்டு எண்ணுக்கு மாற்றான டோக்கனையே பயன்படுத்த வேண்டும்.

இந்தியச் சட்டத் தேவைகள்

2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொந்தத் தளத்தில் விற்பவர்களுக்கும் பொருந்தும். நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் தெரிய வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். முன்கூட்டியே டிக் செய்துவைத்த கட்டத்தைக் கொண்டு ஒப்புதல் பெறக் கூடாது. 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாங்குபவர் கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பதையும், கடைசிப் படியில் மறைவான கட்டணத்தைக் காட்டுவதையும் ஏமாற்று உத்திகளாக வகைப்படுத்தின. வெளிநாட்டு மென்பொருள்களின் செருகுநிரல்கள் சில இவற்றையே விற்பனை உத்தியாக இயல்பாக இயக்கிவைத்திருக்கும். அவற்றை அணைப்பது கடைக்காரரின் பொறுப்பு. வாங்குபவரின் நம்பிக்கையும் அதில்தான் இருக்கிறது.

இடம்பெயர்தல்

ஒரு கடையின் வாழ்நாளில் மென்பொருள் ஒருமுறையேனும் மாறக்கூடும். பொருள் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுப்பது எளிது. பழைய ஆர்டர்கள், வாடிக்கையாளர் முகவரிகள், மதிப்புரைகள், கூப்பன் மீதி ஆகியவற்றை எடுப்பதுதான் கடினம். கடவுச்சொற்கள் மீட்க முடியாத வடிவில் சேமிக்கப்படுவதால் பெரும்பாலும் புதிய அமைப்புக்கு வராது. வாடிக்கையாளர்கள் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்கு 301 வழிமாற்றம் செய்யாவிட்டால் கூகுள் தேடலில் சேர்த்த இடம் பறிபோகும். டொமைன் பெயர் கடைக்காரரின் பெயரிலேயே பதிவாகியிருப்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை. கடையை அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் அது இருந்தால், தரவு முழுவதும் கையில் இருந்தாலும் கடையின் முகவரி கையில் இல்லை.

சோதித்துத் தெரிதல்

விளம்பரப் பக்கங்களைவிடச் சோதனைக் காலம் அதிகம் சொல்லும். இரண்டு அல்லது மூன்று மென்பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தம் சிக்கலான பொருளை ஏற்றி, விலை குறைந்த மொபைலில் மெதுவான இணைப்பில் வாங்கிப் பார்க்க வேண்டும். வெளிமாநில முகவரிக்கு ஓர் ஆர்டர், கூப்பனுடன் ஓர் ஆர்டர், பணம் கட்டியவுடன் பிரவுசரை மூடி ஓர் ஆர்டர், பாதிப் பொருளை மட்டும் திருப்பிக் கொடுக்கும் ஓர் ஆர்டர் என்று போட்டுப் பார்த்தால் குறைகள் வெளிப்படும். பிறகு எல்லாத் தரவையும் ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை இன்னொரு மென்பொருளில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பராமரிக்க ஆள் இல்லாதவர் சந்தாச் சேவையையும், நம்பகமான நிரலர் உள்ளவர் திறந்த மூலத்தையும் எடுப்பது பொதுவாகப் பொருத்தம். எதை எடுத்தாலும், இந்த ஏற்றுமதிச் சோதனையில் தேறாத மென்பொருளில் முதல் ஆர்டரைக்கூட எடுக்கக் கூடாது.