புரூக்ளினும் கிட்னிவாக்கமும்

"எம்ஜிஆரே அமெரிக்கா போயிதானே கண்ணு பொழச்சு வந்தாரு? நீ நெட்ல பாரேன், எந்த நாட்டுல சீக்கிரமா மாத்துவாங்கன்னு."

பெரியம்மா இதைச் சொன்னது போன மாதம். பெரியப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பெரியம்மாவுக்குச் சர்க்கரை, அவரால் தர முடியாது. பிள்ளைகள் இல்லை. அரசுப் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். சரி, பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி தேடப் போனவள் 1984-இல் போய் மாட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்திருந்தது, பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதே மாதக் கடைசியில் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 5-ஆம் தேதி எம்.ஜி.ஆரைத் தனி விமானத்தில் நியூயார்க் கொண்டுபோனார்கள். புரூக்ளினில் இருக்கும் டவுன்ஸ்டேட் மருத்துவமனை. டிசம்பரில் அங்கே மாற்று அறுவை நடந்தது. டிசம்பர் 24-இல் இங்கே தேர்தல். ஆண்டிபட்டித் தொகுதிக்கு ஒருநாள்கூட வராமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஜெயித்தார், கட்சிக்கு 132 இடங்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக, புரூக்ளினில் எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் பாட்டி அப்போது மண்சோறு சாப்பிட்டவர். "படத்துல தலைவர் கைய ஆட்டுனாரு, அதுக்கப்புறம்தான் எனக்குச் சோறு எறங்குச்சு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1985 பிப்ரவரி 4-ஆம் தேதி அவர் திரும்பி வந்தார், அடுத்த வாரத்துக்குள் பதவியேற்றார்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே சிறுநீரகம் மாற்றி வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். அதை விட்டுவிட்டுக் கடல் கடந்து போனது ஏன்? பக்கவாதம் ஒரு காரணம். முதலமைச்சர் என்பது இன்னொன்று. பணமும் பதவியும் உள்ளவர்கள் உயிர் என்று வரும்போது உள்ளூரை நம்புவதில்லை, அது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். ஆனால் அந்த ஆண்டுகளில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது.

அது ஒரு மருந்து. சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தது. 1983 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1954-இல் பாஸ்டனில் வெற்றி பெற்ற முதல் மாற்று அறுவை, ஒரே மாதிரி இரட்டையர்களான இரண்டு சகோதரர்களுக்கு இடையில் நடந்தது. உடம்பு தன்னுடையது என்று நம்பும் உறுப்பைத்தான் அப்போது ஏற்றுக்கொண்டது. அதன்பிறகு வந்த மருந்துகளிலும் ரத்த உறவு என்றால் கொஞ்சம் நம்பிக்கை, அந்நியர் என்றால் சந்தேகம்தான். சைக்ளோஸ்போரின் அந்தச் சுவரை இடித்தது. முன்பின் தெரியாத யாருடைய சிறுநீரகமும் இனி வேலை செய்யும். அப்படியென்றால் அதை விலைக்கும் வாங்கலாம். ஒரு நல்ல மருந்து ஒரு சந்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.

நம்முடைய முதலமைச்சர் வெளியே போய்த் திரும்பிய அதே எண்பதுகளில், எதிர்த் திசையில் விமானங்கள் வந்து இறங்கத் தொடங்கின. வளைகுடாவிலிருந்து நோயாளிகள் பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் நாடுகளிலிருந்து பம்பாய் போய் விலைக்கு வாங்கிய சிறுநீரகத்தோடு திரும்பிய ஏறத்தாழ 130 பேரைப் பற்றி 1990-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். மஞ்சள்காமாலைக் கிருமியோடும் எச்.ஐ.வி.யோடும் ஊர் திரும்பியவர்களும் அதில் இருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று குறித்து வைத்தேன்.

விற்றவர்கள் கதைக்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. நாங்கள் இருப்பது அயனாவரம், பக்கத்தில் வில்லிவாக்கம். அந்த ஊருக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். லாரன்ஸ் கோஹன் என்ற மானுடவியலாளர் தொண்ணூறுகளில் அங்கே வந்து பெண்களிடம் பேசியிருக்கிறார். பெரும்பாலும் பெண்கள்தான் விற்றிருந்தார்கள். வீட்டுக்காரர் உழைக்கிறவர், அவர் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது; நமக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஏற்கெனவே ஆகிவிட்டதே, இன்னொன்றுதானே என்ற கணக்கு. அவர் எழுதியதில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. சிறுநீரகம் விலைபோகும் ஊரில் கடன் கொடுப்பவர்கள் அதையும் ஒரு சொத்தாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். விற்றுக் கட்டு என்று நெருக்க முடிந்தது. அதாவது விற்காதவள் உடம்பும் அடமானத்தில் இருந்தது.

2001-இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் ஓர் ஆய்வு எடுத்தார்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாகக் கைக்கு வந்தது 1070 டாலர், அதுவும் பேசிய தொகையைவிடக் குறைவு. ஆய்வு நடந்தபோது முக்கால்வாசிப் பேர் இன்னும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

1994-இல் மத்திய அரசு உறுப்பு மாற்றுச் சட்டம் கொண்டுவந்து விற்பனையைக் குற்றமாக்கியது. வியாபாரம் உடனே நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பில் மீனவப் பெண்கள் விற்றது 2007-இல் வெளியே வந்தது. உலக அளவிலும் இதே கதைதான். ஓர் ஊரில் கதவைச் சாத்தினால் நோயாளியும் தரகரும் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்தார்கள். பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், சீனா என்று அது நகர்ந்தது. இந்தியாவிலிருந்து கொழும்புக்குக்கூட ஆள் போயிருக்கிறது. 2016-இல் அது பெரிய வழக்கானதும், இலங்கை அரசு வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

இத்தனையும் பெரியம்மாவிடம் சொன்னேன். போகிற இடத்தில் நமக்குக் கொடுக்கப்போகிறவள் இன்னொரு வில்லிவாக்கத்துக்காரியாகத்தான் இருப்பாள் என்றும் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ எம்ஜிஆருக்குக் குடுத்தது யாரு? காசுக்கா?" என்றார்.

"இல்ல பெரிம்மா. அவங்க அண்ணன் சக்கரபாணியோட பொண்ணு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் பெரியப்பாவின் தம்பி பெண். பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை, முறத்தில் இருந்த கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை. கேட்கவே மாட்டார் என்றும் தெரிந்தது.

அன்று இரவு சட்டத்தைத் திரும்பப் படித்தேன். கணவன், மனைவி, அம்மா, அப்பா, மகன், மகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை. 2011-இல் திருத்தியபோது தாத்தா பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் மகளோ தம்பி மகளோ 'நெருங்கிய உறவினர்' பட்டியலில் இல்லை. எம்.ஜி.ஆருக்குக் கொடுத்தவர் இன்றைக்கு இங்கே கொடுப்பதாக இருந்தால் அனுமதிக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, பாசத்தில்தான் தருகிறேன், பணம் கைமாறவில்லை என்று நிரூபிக்க வேண்டும். வில்லிவாக்கத்துப் பெண்களுக்கு நடந்ததற்குப் பிறகு அப்படிக் கேட்பதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை டயாலிசிஸுக்குப் பெரியப்பாவோடு நான் போகிறேன். ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அந்தக் குழுவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்றும் கேட்க வேண்டும். வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.