சாவி உங்கள் கையில்... கார் யாருடையது?

புது கார் டெலிவரி என்றால் நம்ம சென்னையில் ஒரு சடங்கு உண்டு. ஷோரூமில் பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு போட்டோ எடுப்பார்கள். அங்கிருந்து வண்டி நேராகக் கோயிலுக்கு. மயிலாப்பூர்க்காரரும் தி.நகர்க்காரரும்கூட பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரனைத் தேடிப் போவதுண்டு. மாலை, சந்தனம், கற்பூரம்... நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அது நசுங்கியதும் கார் நம்முடையதாகிவிடுகிறது!

ஆகிவிடுகிறதா? லீஸில் எடுத்த கார் என்றால் இதற்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை. ஒரு பியானோ கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

இங்கிலாந்தில் ஹெல்பி என்று ஒரு பியானோ வியாபாரி. ப்ரூஸ்டர் என்பவருக்கு ஒரு பியானோ கொடுத்தார். மாதம் பத்தரை ஷில்லிங், 36 மாதம். எல்லாம் கட்டி முடித்தால் பியானோ ப்ரூஸ்டருக்கே சொந்தம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ப்ரூஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? சில மாதங்களிலேயே அதைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்துவிட்டார்!

பியானோ யாருக்கு என்று ஹெல்பிக்கும் அடகுக் கடைக்காரர் மாத்யூஸுக்கும் சண்டை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1895-ல் தீர்ப்பு வந்தது. ‘வாங்கியே தீருவேன் என்று ப்ரூஸ்டர் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வாடகைக்கு எடுத்தவர்தான். எனவே, பியானோ ஹெல்பிக்கே!’

பணம் போடுகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு வரப்பிரசாதமாகிப் போனது. பொருள் அடுத்தவர் வீட்டில் இருக்கலாம், உரிமை மட்டும் நம்மிடமே இருக்கலாம்!

இப்போது சென்னைக்கு வருவோம். இங்கே முதன்முதலில் கார் வைத்திருந்தவர்களுக்குத் தவணையே தேவைப்படவில்லை. பாரி கம்பெனி டைரக்டர் யார்க் துரை, அடையாறு பென்ஸ் கார்டனிலிருந்து பாரி முனைக்குக் காரில் போய்வந்தவர். ஹைகோர்ட்டைக் கட்டிய கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார்தான் இந்த ஊரில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்பார்கள். இவர்களுக்கெல்லாம் பணம் ஒரு பிரச்னையா என்ன?

திண்டாடியது லாரி வாங்க நினைத்த சாதாரண ஆள்தான். உழைக்கத் தெம்பு உண்டு, ஏற்றிப் போகச் சரக்கு உண்டு, மொத்தமாகக் கட்டத்தான் பணம் கிடையாது. டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் மகன் டி.எஸ்.சந்தானம், 1954-ல் 2 லட்ச ரூபாய் மூலதனத்தில் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். தவணையில் வண்டி வாங்குவது இங்கே வேரூன்றியதில் அந்தக் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த கட்டமும் இதே ஊரில்தான். 1973-ல் ஃபரூக் இரானி இங்கே ‘ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆஃப் இந்தியா’வை ஆரம்பித்தார். பெயருக்கேற்றபடி நாட்டின் முதல் லீசிங் கம்பெனி!

ஹயர் பர்ச்சேஸுக்கும் லீஸுக்கும் என்ன வித்தியாசம்? முன்னதில், கடைசித் தவணை கட்டினால் வண்டி உங்களுடையது. லீஸில், காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இடம் கொடுத்தால், மிச்ச மதிப்பைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். நம்ம ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. தி.நகரில் ‘வீடு லீஸுக்கு’ என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி பண்ணும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வோம். கார் லீஸ் அப்படியல்ல சார்! மாதாமாதம் கட்டுகிற பணம் போனது போனதுதான்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தச் சட்டம் இல்லையா? ஹயர் பர்ச்சேஸுக்கென்று 1972-ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் நிறைவேற்றியது. வேடிக்கை என்னவென்றால், அது கடைசிவரை அமலுக்கு வரவே இல்லை. 33 வருஷம் காகிதத்திலேயே தூங்கிவிட்டு, 2005-ல் ரத்தானது. ஆகவே, நீங்கள் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தம்தான் பெரும்பாலும் உங்களுக்குச் சட்டம்.

சரி, ஓனர் யார்? 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. லீஸில் உள்ள வண்டிக்கு, அதைக் கையில் வைத்திருப்பவர்தான் ‘ஓனர்’ என்கிறது அது! விபத்து வழக்கு ஒன்றில், வண்டியைக் கையில் வைத்திராத ஃபைனான்ஸ் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

அதே சுப்ரீம் கோர்ட், 2001-ல் ஒரு ஹயர் பர்ச்சேஸ் வழக்கில், தவணை கட்டாதவரிடமிருந்து ஃபைனான்ஸ்காரர் வண்டியை எடுத்துப் போனது திருட்டாகாது என்றது. காரணம், அது அவர் பொருள்! அதற்காக அடியாட்களை அனுப்பிப் பிடுங்கக் கூடாது என்று 2007-ல் இன்னொரு வழக்கில் கண்டித்ததும் சுப்ரீம் கோர்ட்தான்.

ஆக, விபத்து நடந்தால் நீங்கள் ஓனர். தவணை நின்றால் அவர் ஓனர். ஹெல்பியின் பியானோ இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது!

இதை மனதில் வைத்துக்கொண்டு டெலிவரிக்குப் போங்கள். முதலில் இன்வாய்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றும் யார் பெயரில் என்று பாருங்கள். ஆர்.சி. கம்பெனி பெயரிலும் இருக்கலாம், உங்கள் பெயரில் ‘லீஸ்’ என்ற குறிப்போடும் இருக்கலாம். பேப்பரில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளவைதானா என்று சரிபாருங்கள். சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு யார் செலவு? வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? தாண்டினால் எவ்வளவு? பாதியில் திருப்பிக் கொடுத்தால் என்ன அபராதம்? கார் முழுசாக நொறுங்கினாலோ திருடு போனாலோ இன்ஷூரன்ஸ் பணம் பெரும்பாலும் முதலில் லீஸ் கம்பெனிக்குத்தான் போகும். அது போதாவிட்டால் மிச்சத்தைக் கட்டப்போவது யார்? எல்லாவற்றையும் அங்கேயே கேளுங்கள்.

சொந்தக் காரில் சின்னக் கீறல் என்றால் மனசு மட்டும்தான் வலிக்கும். லீஸ் காரில், திருப்பிக் கொடுக்கிற அன்று பர்ஸும் வலிக்கும். அதனால் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். இருக்கிற கீறலை டெலிவரி பேப்பரில் எழுதச் சொல்லி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பேப்பருக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். கம்பெனி பெரிசாச்சே, எங்கே போய்விடப் போகிறது என்று நினைக்காதீர்கள். நாட்டின் முதல் லீசிங் கம்பெனியையே, கணக்கு வழக்கில் பெரும் முறைகேடு என்று 2013-ல் ரிசர்வ் வங்கி வியாபாரம் செய்யக் கூடாதென நிறுத்திவிட்டது. லீஸ் முடிந்து காரை நீங்களே வாங்கிக்கொண்டால், ஆர்.சி.யில் உள்ள லீஸ் குறிப்பை நீக்க ஃபாரம் 35-ல் அந்தக் கம்பெனியின் கையெழுத்து வேண்டும். அதை அன்றைக்கே வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்துவிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால், காரை விற்கப் போகும்போதுதான் அது இன்னும் உங்களுடையதாகவில்லை என்று தெரியவரும்!